துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த முகவரி

அனுப்புநர்:
பெண்கள் காப்பில்லத்தின் பொறுப்பாளரும் வழக்கறிஞருமான மனுதாரர்.
(என் பெயர், காப்பில்லத்தின் கதவு எண், தெரு ஆகியவை ஒட்டிய உறையில் தனியே உள்ளன. தாங்கள் ஒருவர் மட்டும் பிரிக்க வேண்டுகிறேன். காரணம் இம்மனுவிலேயே இருக்கிறது.)

பெறுநர்:
மாநகரக் காவல் ஆணையர் அவர்கள்,
ஆணையர் அலுவலகம்.

பொருள்: காப்பில்லத்தில் அடைக்கலமாக இருந்த பெண்ணின் முகவரியைக் காவல் நிலையமே அவருடைய கணவரிடம் எழுதிக் கொடுத்தது, அதன் விளைவாக மற்றொரு பெண் காணாமற்போனது, விசாரணையும் தேடுதலும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்த நான்கிலும் கோபம் மிகுந்திருந்தது. கோபமாக எழுதிய மனு கீழ்மேசையைத் தாண்டாது என்பது பத்தாண்டு வழக்கறிஞர் தொழிலில் நான் கண்டது. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இடையே என் சொந்தக் கதையும் வரும். பத்தி 5 முதல் 9 வரை அதுதான். நேரமில்லை என்றால் தாங்கள் அதைத் தாண்டிப் போகலாம். தாண்டாமல் படித்தால் நன்றியுடையவளாவேன்.

2. நான் இந்நகரில் பதினான்கு ஆண்டுகளாகக் காப்பில்லம் நடத்தி வருகிறேன். சென்ற வாரம் வரை பத்தொன்பது பெண்களும் பதினாறு குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களுக்காகக் குடும்ப நீதிமன்றத்தில் வாதாடுகிறேன். சென்ற ஆண்டு சேவைக்கான கேடயத்தைத் தங்கள் கையால்தான் வாங்கினேன். நல்ல கனமான கேடயம். எங்கள் கூடத்துக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதையே முட்டுக் கொடுத்திருக்கிறோம். அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். கதவு படாரென்று சாத்தினால் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிடுகிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

3. இம்மாதம் 9ஆம் தேதி, ரொட்டிக் கடையில் வேலை பார்த்துவந்த இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர், இரண்டு வயது மகளுடன் எங்களிடம் வந்தார். இடது காது கேட்கவில்லை. அன்று மாலையே அவருடன் எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குச் சென்று புகார் அளித்தேன். தங்கியிருக்கும் முகவரி இல்லாமல் புகாரைப் பதிய முடியாது என்று எழுத்தர் சொன்னார். படிவத்தில் வேண்டாம், தனித்தாளில் தருகிறேன், பூட்டி வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். பூட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் நான் செய்த தவறு அது ஒன்று.

4. 12ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணின் கணவர் எங்கள் வாசலில் நின்றார். அவர் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, குழந்தையின் இருமல் மருந்தைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். காணாமற்போன பொருள்களுக்கான ரசீதுப் படிவத்தின் பின்பக்கம் அது. கதவு எண், தெரு, எந்தக் கடைக்குப் பக்கத்துச் சந்து என்பது வரை எழுதியிருந்தது. நான் கொடுத்த தாளில் கடை இல்லை. யாரோ வழியும் சொல்லி உதவியிருக்கிறார்கள். சீட்டை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன், இணைப்பில் உள்ளது.

மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தார். பையைக் கட்டி எடுத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "நான் போயிட்டா இங்க இருக்கற எல்லாருக்கும் நிம்மதிக்கா" என்றார். வயது வந்த ஒருவரைத் தடுத்து நிறுத்த எனக்குச் சட்டத்தில் இடமில்லை. நிறுத்தவும் இல்லை. "போறதுன்னா போ. நானும் வர்றேன்" என்றேன். வாசலில் நின்ற ஆட்டோவில் கணவன் மனைவி இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நான் மெலிந்த உடம்புக்காரி அல்ல. அன்று முதல்முறையாக அது உபயோகப்பட்டது.

ஒரு வழக்கறிஞர் இப்படிச் செய்யலாமா என்று தாங்கள் கேட்கலாம். ஏன் ஏறினேன் என்பதைச் சொல்ல, இருபத்தொரு வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

5. என் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக இருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கியர் மாற்றக் கற்றார்கள். எத்தனை முறை வண்டி நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார் என்று பெயர். வீட்டில் என் மணிக்கட்டை இரண்டு முறை உடைத்தார். இரண்டு முறையும் நான் காவல் நிலையம் போனேன். இரண்டு முறையும் அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவரிடம் கார் ஓட்டக் கற்ற ஒரு காவலர் எழுந்து நாற்காலி கொடுத்தார். 'கணவன் மனைவி இருவரும் சமாதானமாகச் சென்றனர்' என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உடைந்த கையால் எப்படிப் போடுவது என்று கேட்டேன். கட்டைவிரல் போதும் என்றார்கள். அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. தானே கூட்டிவந்து திரும்ப விட்டுவிட்டுப் போனான். போகும்போது என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டான்.

6. மூன்றாவது முறை காவல் நிலையமும் வேண்டாம், அண்ணனும் வேண்டாம் என்று நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே போவது என்று தெரியாது. பொது மருத்துவமனைக்குப் போனேன். அங்கே யாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. யாருடைய ஆள் என்றுதான் கேட்பார்கள். நோயாளிகளின் உறவினர் தங்கும் கூடத்தில் நாற்பத்தொரு நாள் இருந்தோம். பலகையில் எழுதியிருக்கும் படுக்கை எண்களைக் காலையில் பார்த்து வைத்துக்கொள்வேன். காவலாளி கேட்டால் ஒரு எண்ணைச் சொல்வேன். அந்தப் படுக்கைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ வேறு எண். மூன்றாம் நாளே என் மகள் தானாகவே "மாமாவுக்கு ஆபரேஷன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். மிக நன்றாகச் சொல்வாள். கண்கூடக் கலங்கும். அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. மருத்துவமனை வாசனை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள்.

7. அதே கூடத்தில் எங்களைப் போலவே இன்னொருத்தி இருந்தாள். இந்த ஓரிடத்தில் மட்டும் 'அவர்' என்று எழுத என் கை வரவில்லை, மன்னிக்கவும். பச்சை நிறப் பை ஒன்றை மடியிலிருந்து இறக்க மாட்டாள் என்பதால் என் மகள் அவளைப் பச்சைப்பை சித்தி என்று கூப்பிட்டாள். துணி துவைக்க நான் போனால் அவள் என் மகளைப் பார்த்துக்கொள்வாள். அவள் குளிக்கப் போனால் நான் பையைப் பார்த்துக்கொள்வேன். நோயாளிகள் வேண்டாமென்று ஒதுக்கும் ரொட்டியை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்லிக் கொடுத்தது அவள்தான். கேட்கும்போது சிரிக்கக் கூடாதாம். சிரித்தால் பிச்சை என்று நினைத்துக்கொள்வார்களாம்.

அவளைப் புகார் கொடுக்கச் சொன்னது நான். என் விஷயத்தில் நடந்தது அவள் விஷயத்தில் நடக்காது, அவள் நெற்றியில் தையல் இருக்கிறது, தையலைப் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். அவளுக்குப் பயம். "நீயும் கூட வர்றியா?" என்று கேட்டாள். என்னை அங்கே யாராவது அடையாளம் கண்டுவிட்டால் என்ன செய்வது என்று நான் போகவில்லை. தனியாகப் போனாள். மதியமே திரும்பி வந்தாள். எழுதிக்கொண்டார்கள், மரியாதையாகப் பேசினார்கள் என்று சொன்னாள். முகவரி கேட்டார்களாம். வேறென்ன சொல்வாள்? பொது மருத்துவமனை, உறவினர் கூடம் என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் அவளுடைய கணவர் ஒரு காவலருடன் கூடத்துக்கு வந்தார். கணவரின் கையில் சீட்டு இருந்தது. அவள் எழுந்து நின்றாள். ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். காவலர் என்னைப் பார்த்து "நீ யாரோட ஆளு?" என்று கேட்டார். "பதினேழாம் நம்பர் படுக்கை" என்றேன். மகளை மடியில் அமுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் திரும்பிப் பார்த்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். பை என் காலடியில் இருந்தது.

8. பதினோராம் நாள் அவளை அதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். சமைக்கும்போது தீப்பிடித்ததாக எழுதியிருந்தது. அவளும் அப்படியேதான் வாக்குமூலம் கொடுத்தாள். கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். செவிலியர் ஒருவர் மனமிரங்கி என்னைக் கால்மணி நேரம் உள்ளே விட்டார். என்னைக் குறை சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் கேட்டது ஒன்றுதான். "என் பை இருக்கா?" இருக்கிறது என்றேன். மறுநாள் காலை இறந்துவிட்டாள். அவளுடைய காவல் நிலையக் கோப்பைப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, வழக்கறிஞரான பிறகு, முறைப்படி மனுப்போட்டு வாங்கிப் படித்தேன். கடைசி வரி நான் கைநாட்டு வைத்த அதே வரிதான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

9. அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவமனைச் சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் அக்கா, அவர்கள் தொட்டியில் நான் திருட்டுத்தனமாகத் துவைப்பதைப் பிடித்துவிட்டு, திட்டுவதற்குப் பதில் போர்வை மடிக்கத் தெரியுமா என்று கேட்டார். ஐந்து வருடம் போர்வை மடித்தேன். முப்பது வயதில் பள்ளி இறுதித் தேர்வு எழுதினேன். முப்பத்தேழில் மாலைநேரச் சட்டக் கல்லூரியை முடித்தேன். என் விவாகரத்து ஆறு வருடம் நடந்தது. கூடவே ஒரு வாடகை அறையில், மருத்துவமனைக் கூடத்தில் கண்ட இரண்டு பெண்களோடு காப்பில்லம் தொடங்கியது. ஜெயித்த கதை என்று பத்திரிகையில் எழுதினார்கள். எழுதட்டும். மஞ்சள் நிறப் பயிற்சிக் கார் எதிரே வந்தால் இன்றும் நான் பக்கத்துக் கடைக்குள் ஏறி நின்றுகொள்கிறேன். வேண்டாத சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

இதுவரை முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களுடன் காவல் நிலையம் சென்றிருக்கிறேன். ஒருவரைக்கூடத் தனியாக அனுப்பியதில்லை. நிலையத்துப் பெஞ்சில் உட்காரும்போது எனக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுத்தான் உட்காருகிறேன். ஏன் என்று ஒரு காவலர் ஒருமுறை கேட்டார். பழக்கம் என்றேன்.

10. இனி 12ஆம் தேதிக்கு வருகிறேன். அவர்கள் வீடு முதல் மாடியில் இரண்டு அறை. சுத்தமான வீடு. படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம் இருந்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். மதியம் பன்னிரண்டு மணி. கணவர் தன் மகளின் மேல் தனக்குள்ள பாசத்தைப் பற்றிப் பேசினார். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் தேநீர் போட்டார். இரண்டு முறை போட்டார். இரண்டாவது முறை சர்க்கரை போட மறந்துவிட்டார். அதையும் குடித்தோம். இரண்டு மணிக்குக் கணவர், "நீங்க எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டார். வீட்டம்மா போகச் சொன்னால் போகிறேன் என்றேன். அந்தப் பெண் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கணவர் எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு சமையலறை ஜன்னலைச் சாத்தினார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். என் கணவரும் அதே வரிசையில்தான் செய்வார். எனக்கு அந்த நிமிடம் நாற்பத்தேழு வயதில்லை. கேடயமும் இல்லை, கறுப்பு அங்கியும் இல்லை. மணிக்கட்டு வலித்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும் என்று இருந்தது.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண்மணி துணி எடுத்துக்கொண்டிருந்தார். வேறெதுவும் தோன்றாமல், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டேன். இந்த வீட்டில் இருந்துகொண்டு அந்த வீட்டில் தண்ணீர் கேட்பது எவ்வளவு வேடிக்கை என்று எனக்கே தெரிந்தது. அவர் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் தண்ணீருடன் படியேறி வந்தார். கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். என்னிடமோ கணவரிடமோ இல்லை, அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "நாலு மாசமா சத்தம் கேட்டுக்கிட்டுதான்மா இருக்கேன். சாட்சி சொல்லணும்னா சொல்றேன்."

அதற்குப் பிறகு நேரமாகவில்லை. அந்தப் பெண் குழந்தைக்குச் செருப்பு மாட்டினார். பையை எடுத்துக்கொண்டார். "போலாம்க்கா" என்றார். கணவர் கதவருகே போய் நின்றார். எதிர்வீட்டுப் பெண்மணியும் எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு கணவர் வழிவிட்டார். பாராட்டுக்காக இதை எழுதவில்லை. கீழே இறங்கும்போது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்தான் கைகொடுத்து எழுப்பினார். தாயும் குழந்தையும் இப்போது இருக்கும் இடத்தை இம்மனுவில் எழுத மாட்டேன். உறையிலும் எழுதவில்லை.

11. மறுநாள் 13ஆம் தேதி நிலைய ஆய்வாளரை நேரில் பார்த்தேன். சீட்டு எழுதியதை அவர் மறுக்கவில்லை. "புள்ளைக்கு மருந்து குடுக்கணும்னு வந்து அழுதாரு மேடம். ஒரு மனிதாபிமானத்துல குடுத்தோம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். கெட்ட எண்ணத்தோடு கொடுத்திருந்தால் ஓர் ஆளை மாற்றினால் போதும்.

12. நான் நிலையத்தில் இருந்த நேரத்தில் எங்கள் இல்லத்திலிருந்து மூன்று பெண்கள் வெளியேறிவிட்டார்கள். ஒருவருடைய கணவருக்குத் தெரிந்த முகவரி நாளை இன்னொருவருடைய கணவருக்கும் தெரியும் என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. இருவர் மறுநாள் தொலைபேசியில் பேசினார்கள். வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள். மூன்றாமவரிடமிருந்து ஆறு நாளாகத் தகவல் இல்லை. பத்தொன்பது வயது. வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்களிடம் வரும் பெண்கள் முதல் வாரம் தூங்கித் தீர்ப்பார்கள். இவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கினார். குழந்தைகள் தூங்குமூஞ்சி அக்கா என்று பெயர் வைத்தார்கள். அதைக் கேட்டு ஒருமுறை சிரித்தார். அவருக்குப் போக ஓர் இடமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சீப்பையும் ஒரு ஜோடித் துணியையும் விட்டுப் போயிருக்கிறார். மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் எல்லாவற்றிலும் தேடினேன். உறவினர் கூடங்களில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்கள் நான்கு பேர். அவர் அவர்களில் இல்லை.

13. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) பத்தி 4இல் சொன்ன சீட்டை எழுதியது, எழுதச் சொன்னது, வழி சொன்னது யார் என்று நிலையத்துக்கு வெளியிலுள்ள அதிகாரி ஒருவர் விசாரிக்க வேண்டும்.

(ஆ) புகார் கொடுக்கும் பெண் தங்கியிருக்கும் இடத்தை, பாசம், மருந்து, மனிதாபிமானம் உள்பட எந்தக் காரணத்துக்காகவும் எவரிடமும் சொல்லக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் எழுத்தில் ஆணையிட வேண்டும். வாய்மொழியாக வேண்டாம்.

(இ) 'சமாதானமாகச் சென்றனர்' என்று ஒரு கோப்பை முடிக்கும் முன், கணவர் இல்லாத அறையில் அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும். கேட்டது யார் என்று அவர் பெயரையும் எழுத வேண்டும். அவ்வாறு முடிக்கப்பட்ட பழைய கோப்புகளில், அந்தப் பெண்கள் இன்று உயிரோடு இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

(ஈ) காணாமற்போன பெண்ணைத் தேட வேண்டும். புகைப்படமும் விவரமும் உறையில் உள்ளன. அவரைத் தேடுவதாக அவர் வீட்டாருக்குத் தகவல் போகக் கூடாது. சீருடையைப் பார்த்தால் ஓடிவிடுவார். சாதாரண உடையில் ஒரு பெண் காவலரை அனுப்புங்கள். கண்டுபிடித்தால் கையைப் பிடிக்க வேண்டாம், வண்டியில் ஏற்ற வேண்டாம். நாங்கள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டோம் என்றும், அந்த வீட்டிலும் அவருக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறோம் என்றும், அதில் யாரையும் படுக்கவிடவில்லை என்றும் சொல்லச் சொல்லுங்கள். அவர் நம்பாவிட்டால், நம்பும்வரை காவலர் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருக்கட்டும். எனக்குச் சொல்லியனுப்பினால் நானே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர்

நாள்: 19, செவ்வாய்க்கிழமை
இடம்: குடும்ப நீதிமன்றம், வழக்கறிஞர் அறை

இணைப்பு:
1. ரசீதுப் படிவத்தின் பின்பக்கம் எழுதிய சீட்டு (அசல்).
2. எதிர்வீட்டுப் பெண்மணியின் சாட்சியக் கடிதம், அவருடைய கையெழுத்தில்.
3. ஒட்டிய உறை, ஒன்று.